பிளாஸ்டிக் மணிக்கு எதற்குப் பசுமைப் பட்டம்?

கைவினைக் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு மேசையிலாவது பாலிமர் க்ளே நகை வந்து உட்கார்ந்துவிடுகிறது. சூரியகாந்திக் கம்மல், குட்டி இட்லித் தட்டு தொங்கும் கீ செயின், பளிங்குபோல வரியோடிய மணிமாலை. அழகுக்குக் குறைவில்லை. மேசையின் முன்னால் ஓர் அட்டை சாய்ந்திருக்கும்: இயற்கைக்கு உகந்தது, வீட்டுக் கழிவுப் பொருள்களைக் கொண்டு செய்தது. விவரம் கேட்டால் விற்பவர் ஆசையாகச் சொல்வார். பாட்டில் மூடியால் வட்டம் வெட்டுகிறோம், தீர்ந்துபோன பேனாக் குழலால் துளை போடுகிறோம், பழைய லேஸ் துணியை அழுத்தி டிசைன் எடுக்கிறோம், ஃப்யூஸ் போன பல்பின்மேல் க்ளே ஒட்டிப் பூச்சாடி பண்ணுகிறோம். கைவினைப் பக்கங்களும் காணொலிகளும் பள்ளிப் போட்டிகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இது குப்பையைக் குறைக்கும் கலை, பூமிக்குச் செய்யும் சிறு தொண்டு என்று ஊரை நம்பவைத்துவிட்டன.

அந்த நம்பிக்கையைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. பாலிமர் க்ளே அருமையான கைவேலை. வீட்டுப் பழம்பொருள்கள் அதற்குக் கடைக் கருவிகளைவிடப் பல நேரம் நன்றாகவே உழைக்கின்றன. இரண்டையும் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் சேர்ந்தால் சுற்றுச்சூழல் சேவை ஆகிவிடும் என்பது பொய்க்கணக்கு. அந்தப் பொய்க்கணக்கு முதலில் கெடுப்பது பூமியைக்கூட அல்ல, இந்தக் கலையைத்தான் என்பது என் கட்சி.

முதலில் சரக்கு எது என்று பார்த்துவிடலாம். பிசைந்த மாவின் பதத்தில் விரலுக்கு இதமாக இருக்கும் இந்தப் பொருள் பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பிவிசி. 1872இல் ஆய்கன் பௌமன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்ட வெள்ளைத் திடப்பொருள் அது. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் அதை இளக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், மின்கம்பியின் உறை, தேர்தலுக்கும் காதுகுத்துக்கும் முச்சந்தியில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். பிவிசித் தூளோடு இளக்கியும் நிறமியும் நிரப்பியும் சேர்த்தால் பாலிமர் க்ளே. குயவர் சூளையில் மண் பல நூறு டிகிரி வெப்பத்தில் தன் நீரை அடியோடு இழந்து வேறொரு பொருளாகவே மாறுகிறது. பாலிமர் க்ளே 110 முதல் 150 டிகிரிக்குள் வேகும். அந்தச் சூட்டில் தூள்கள் இளக்கியை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவே. அடுப்புக்குள் போகும்போதும் பிளாஸ்டிக், வெளியே வரும்போதும் பிளாஸ்டிக். ஆற்றங்கரையில் போட்டாலும் தோட்டத்தில் புதைத்தாலும் அது மண்ணோடு மண்ணாகாது.

‘இப்போது வருவதெல்லாம் தாலேட் இல்லாத க்ளே, நச்சற்றது என்று உறையிலேயே போட்டிருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான். குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட் வகை இளக்கிகளை 2005இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2008இல் அமெரிக்காவும் கட்டுப்படுத்தின. பெரிய நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றிக்கொண்டன. அது பிசையும் கைக்கு நல்ல செய்தி. நிலத்துக்கு அதில் ஒன்றுமில்லை. இளக்கி மாறியது, பிவிசி அப்படியே இருக்கிறது. நச்சற்றது என்ற முத்திரை சொல்வது, குறிப்பிட்ட முறையில் பயன்படுத்தினால் உடம்புக்குக் கேடில்லை என்பதை. சுற்றுச்சூழலைப் பற்றி அந்த முத்திரை வாயே திறப்பதில்லை. நாமாகத்தான் அதன் வாயில் வார்த்தையைப் போடுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பிறப்பித்தவர்கள் யாரும் இப்படி ஒரு பெருமை கேட்டதில்லை. ஜெர்மனியில் பொம்மை செய்வதில் பேர்பெற்ற கேத்தே க்ரூஸேயின் மகள் சோஃபி, வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடுவார்கள், பொம்மைத் தலை செய்யப் பொருத்தமான பொருள் தேடிய காலத்தில் கைக்கு வந்த பிளாஸ்டிக் கலவையோடு மல்லுக்கட்டி அதை வீட்டுக் கைவேலைக்கு ஏற்றதாக்கினார். 1964இல் அதை எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கியது. அதுவே ஃபிமோ. அமெரிக்காவில் ஸ்கல்பியின் கதை இன்னும் சுவாரசியம். மின்மாற்றியின் நடுப்பகுதிச் சூட்டை வெளியே கடத்துவதற்காகச் செய்த கலவை அது. அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்திருந்தபோது, அதில் ஒரு குட்டிப் பொம்மை பிடித்துச் சுட்டுப் பார்க்கப்போய்க் கலைப்பொருளாயிற்று. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் என்று தெரிந்தே எடுத்துக்கொண்ட பரம்பரை இது. பசுமை வேஷம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்து, மறுபயன்பாடு என்று பெருமைப்படுவதை எடைபோட்டுப் பார்ப்போம். ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில் ஒன்று வீட்டில் காலியாகிறது. நம் ஊரில் அதற்கு என்ன கதி? ஒன்று, பருப்போ மிளகாய்த்தூளோ போட்டு அலமாரியில் பத்து வருஷம் நிற்கும். இல்லையென்றால் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும். அங்கிருந்து பழைய இரும்புக் கடை, அங்கிருந்து கண்ணாடி உலை. உருக்கி வார்த்தால் மறுபடியும் பாட்டில். குப்பை பொறுக்குகிறவர்கள் முதல் மொத்த வியாபாரி வரை எத்தனையோ பேர் கைவைத்து நடத்தும் மறுசுழற்சி ஏற்பாடு அது. யாரும் பட்டமளிப்பு நடத்தாமலே நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாட்டிலை எடுத்துச் சுற்றிலும் பாலிமர் க்ளே ரோஜாக் கொடி படரவிட்டு, அடுப்பில் வைத்து இறுக்கினால் என்ன ஆகும்? இனி அதைப் பேப்பர்காரர் எடுக்கமாட்டார். கண்ணாடியும் பிவிசியும் பின்னிக் கிடக்கும் பண்டத்தை யார் பிரித்துக்கொண்டு உட்கார்வது? மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பொருளை நிரந்தரக் குப்பையாக்கியிருக்கிறோம். பூச்சாடி அலுத்துப்போகும் நாள்வரை அது தெரியாது.

நகையிலும் இதுவே. பழைய அலுமினிய மூடி, பித்தளை வளையம், இரும்பு வாஷர் என்று காசு பெறும் உலோகத்தைப் பிவிசிக்குள் புதைத்து டாலர் செய்கிறோம். உலோகம் உலோகமாக இருந்தவரை அதற்கு மறுபிறவி உண்டு. பிவிசி ஒட்டிய உலோகம் உருக்காலைக்கும் தொல்லை, சுற்றுவட்டாரக் காற்றுக்கும் தொல்லை. தூய பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். சூடு தாறுமாறாக ஏறினால் ஹைட்ரஜன் குளோரைடு புகையாக வெளியேறும். திறந்தவெளியில் குறைந்த சூட்டில் புகைந்து எரிந்தால் டையாக்சின் உண்டாகும். பிவிசி துளியூண்டு கலந்தாலே தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் மறுசுழற்சி கெட்டுப்போகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி.

எரிப்பது யார், நாகரிகமான ஊரில் யாராவது நகையை எரிப்பார்களா என்று கேட்கலாம். போகி விடியலில் சென்னையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷந்தோறும் கெஞ்சுகிறது, புகைமூட்டத்தில் விமானங்கள் தாமதமாகின்றன. போகி இல்லாத நாளிலும் குப்பை தானே எரியும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததை அக்கம்பக்கத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். கொக்கி உடைந்த கம்மல் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுபோன்ற ஒரு மேடுதான்.

அப்படியென்றால் வீட்டுக் குப்பையையாவது இந்தக் கலை குறைக்கிறதா? நம் வீட்டுக் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பகுதி காய்த்தோல், மீந்த சோறு, டீத்தூள். மிச்சத்தில் பால் கவர், மளிகை உறை, ஷாம்பு பாக்கெட், பார்சல் டப்பா, பெட் பாட்டில். ஈரமானது எதுவும் க்ளேக்குள் போகக்கூடாது. ஈரம் ஆவியாகி மணி கொப்பளிக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கும் பெட் பாட்டிலும் அடுப்புச் சூட்டில் சுருண்டுவிடும். ஆகவே குப்பையில் எது அதிகமோ அது இந்தக் கலைக்கு ஆகாது. ஆகக்கூடியது கண்ணாடி, உலோகம், கெட்டி அட்டை. அவை மூன்றுக்கும் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. வாங்க ஆளில்லாததைத் தொடாமல், வாங்க ஆளிருப்பதைப் பிடுங்கிக் கெடுப்பதற்குப் பெயர் குப்பைக் குறைப்பா?

குப்பையே மணியாவது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கானா நாட்டின் க்ரோபோ மக்களிடம் போகவேண்டும். அவர்கள் பழைய பாட்டில்களை உரலில் போட்டு இடித்துக் கண்ணாடித் தூளாக்குகிறார்கள். மண்ணில் செய்த அச்சின் குழிகளில் அந்தத் தூளை நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக் காம்பு ஒன்றைச் செருகி, சூளையில் வைக்கிறார்கள். கண்ணாடி உருகி ஒன்றுசேரும். காம்பு எரிந்து சாம்பலாகி, நூல் கோக்கும் துளையை விட்டுவிட்டுப் போகும். துளைபோடும் கருவியும் செடியிலிருந்து, மணியின் உடம்பு முழுக்கப் பழைய பாட்டிலிலிருந்து. புதிதாக வாங்கியது நிறத்துக்கான பொடி மட்டும். அந்த மணி உடைந்தாலும் கண்ணாடிதான், மறுபடி உரலுக்குப் போகலாம். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஊறவைத்த பழைய செய்தித்தாளை வெந்தயத்தோடு ஆட்டி, பானையின் முதுகில் அப்பிக் காயவைத்து முறமும் கூடையும் செய்த கிழவிகள் நம் ஊரிலேயே இருந்தார்கள். கூடை கிழிந்தால் குப்பைமேட்டில் மழையில் கரைந்துபோகும். இவற்றில் கழிவு என்பது பொருளின் உடம்பு. பாலிமர் க்ளேயில் கழிவு என்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் எலும்பு, அல்லது வெளியே அழுத்தி எடுத்த ஒரு தழும்பு. பொருளின் உடம்பு, தொழிற்சாலையிலிருந்து புதிதாக உறையில் வந்து இறங்கிய பிவிசி.

இந்த இடத்தில் ஒரு சமாதானம் வரும். ‘ஒரு கட்டி 57 கிராம். ஒரு ஜோடிக் கம்மலுக்கு அதில் சிட்டிகைதான். ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் கட்டும்போது இதைப் போய்ப் பெரிதுபண்ணலாமா?’ நியாயமான பேச்சு. அளவு அற்பம் என்று நானும் சொல்கிறேன். அளவு அற்பம் என்றால் புண்ணியமும் அற்பம். கேடு என்றால் சிட்டிகை, சேவை என்றால் மலையளவு என்று ஒரே மணிக்கு இரண்டு தராசு வைக்கக்கூடாது. பேனர் வைப்பவர் தன் பேனரைப் பசுமை என்று சொல்லிக்கொள்வதில்லை, அந்த மட்டில் அவர் நேர்மையானவர்.

கேடு முதலில் கலைக்கு என்றேன். அதை விளக்கவேண்டும்.

பசுமைப் பேர் வேண்டும் என்று கிளம்பியவர் வீட்டில் கிடப்பதையெல்லாம் எப்படியாவது உள்ளே நுழைக்கப் பார்க்கிறார். அங்கே தொடங்குகிறது சங்கடம். மணிக்குப் பளபளப்பு வேண்டுமா, காய்ந்துகொண்டிருக்கும் நெயில் பாலிஷைப் பூசு என்று எத்தனை இடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்! நெயில் பாலிஷில் உள்ள கரைப்பான் பிவிசியை மெதுவாக இளக்கும். பூசிய அன்று மினுங்கும், சில வாரமோ சில மாதமோ போனபின் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், கழுத்தில் போட்டால் சட்டையில் ஒட்டும். பல ஸ்ப்ரே வார்னிஷுக்கும் இதே குணம் உண்டு. பழைய சிடி டப்பாவில் க்ளேயை எடுத்து வைத்தால், வேகாத க்ளேயின் இளக்கி அந்தப் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். டப்பாவும் க்ளேயும் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டும் பாழ். தெர்மகோல் கிண்ணத்துக்கும் அதே கதி. ஐஸ்கிரீம் டப்பா போன்ற பாலிபுரொப்பிலீனில், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும், வைத்தால் ஒன்றும் ஆகாது. வீட்டுப் பொருள் எல்லாம் ஒன்றல்ல என்ற இந்தச் சின்ன அறிவுதான் கைவேலையின் உயிர். ‘கிடைத்ததை வைத்து எதையும் செய்யலாம்’ என்ற உற்சாகம் முதலில் அதைத்தான் விரட்டியடிக்கிறது.

பல்பு விஷயம் இன்னும் மோசம். பழைய குண்டு பல்பில் க்ளே ஒட்டுவதாவது போகட்டும். சிஎஃப்எல் பல்பையும் சேர்த்துச் சுற்றுகிறார்கள், சுருள் வடிவம் அழகாம். அதற்குள் பாதரசம் இருக்கிறது. வீட்டுக்குள் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் கவனமாகக் கூட்டியெடுக்க வேண்டிய பொருளை அலங்காரமாக்கிக் குழந்தையின் மேசையில் வைப்பதற்கு எந்தப் பசுமையும் சமாதானம் ஆகாது.

சமையலறைக் கதை தனி. பூரிக்கட்டை, கரண்டி, தட்டு, ஓடிஜி மின்னடுப்பு என்று அடுக்களையிலிருந்து எடுத்து வேலை முடிந்ததும் கழுவி மறுபடி அடுக்களைக்கே அனுப்புகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. க்ளே தொட்ட கருவி மாவு தொடக்கூடாது. வெந்த க்ளேயில் செய்த கிண்ணத்தில் சாப்பிடக்கூடாது, உறையில் நச்சற்றது என்று இருந்தாலும் சரி. ஓடிஜியின் முள் காட்டும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பத்து இருபது டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம் என்பதால், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி தொங்காமல் சுடக்கூடாது. ஃபிமோவுக்கு 110 டிகிரி, ஸ்கல்பியின் ப்ரிமோவுக்கு 130 சுமார், கேட்டோவுக்கு 150 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தால் மணி நொறுங்கும், அளவுமீறினால் கருகிப் புளித்த நெடியோடு புகையும். உப்பு பரப்பிய குக்கரில் கேக் வேகிறதே, மணி வேகாதா என்று கேட்பவர்களுக்கு: கேக் அடிப்பிடித்தால் நஷ்டம் ஒரு கேக். பிவிசி அடிப்பிடித்தால் அந்தப் புகை போவது உங்கள் மூச்சுக்குள்.

சாணைபிடிப்பதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. வெந்த மணியை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தூசி மூக்கில் போகாமலிருக்கத் தண்ணீரில் வைத்துத் தேய்க்கவேண்டும் என்று சரியாகவே சொல்லித்தருகிறார்கள். அந்தத் தண்ணீர்? நேராகச் சாக்கடைக்கு. கண்ணுக்குத் தெரியாத பிவிசித் துகள் அத்தனையும் அதோடு. மேலே தூவும் மினுக்குப் பொடியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தேய்த்த தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, படிந்ததைக் காயவைத்துக் குப்பையில் சேர்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். பசுமை அட்டை எழுதும் நேரத்தைவிடக் குறைவு.

இவ்வளவு திட்டியபின், வீட்டுப் பொருளுக்கு இந்தக் கலையில் உண்மையான இடம் எது என்று சொல்லாவிட்டால் நான் வெறும் குறைசொல்லி ஆவேன். இடம் உண்டு, அதுவும் பெரிய இடம்: கருவியாக. 1980களில் அமெரிக்கக் கலைஞர்கள் இத்தாலியச் சமையலறையின் பாஸ்தா மெஷினைக் க்ளே தேய்க்க இழுத்துக்கொண்டு வந்தார்கள். வெனிஸ் கண்ணாடிக்காரர்களின் மில்லெஃபியோரி உத்தியை, உள்ளே படம் ஓடும் நீளக் கட்டியைச் சீவச் சீவ அதே பூ வரும் அந்த வித்தையை, இதில் பழக்கினார்கள். நம் வீட்டில் பாஸ்தா மெஷின் இல்லை, வேண்டியதும் இல்லை. நேரான சுவருள்ள கண்ணாடிப் பாட்டில் நல்ல உருளை. மரப் பூரிக்கட்டையைவிட மேல், ஏனென்றால் மரம் இளக்கியைக் குடித்து ஒட்டும். இருபுறமும் பழைய சீட்டுக்கட்டைச் சம உயரத்தில் அடுக்கி நடுவில் தேய்த்தால் தகடு ஒரே கனத்தில் வரும். சீட்டை ஒவ்வொன்றாகக் குறைத்தால் கனமும் குறையும். மில்லெஃபியோரிக் கட்டியைக் கொஞ்சம் ஃபிரிஜ்ஜில் வைத்து, புதுச் சவர பிளேடால் சீவினால் பூ கசங்காது. தரையில் பதிக்கும் ஓடு ஒன்று மிச்சமிருந்தால் அதுவே வேலைப்பலகை, வழவழப்பான ஓடு அப்படியே அடுப்புக்குள்ளும் போகும்.

துளைபோடத் தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சிக்கு நிகர் கிடையாது. மெலிந்து போகும் முனை, வளையும் உடம்பு, 130 டிகிரிக்கு அசையாது. குச்சியில் கோத்தபடியே மணியைச் சுடலாம். கோக்காமல் சுடுவதென்றால் பழைய தாளை விசிறி மடிப்பாக மடித்து, அந்தப் பள்ளங்களில் மணிகளை உட்காரவைத்தால் அடி தட்டையாகாது. பெரிய மணிக்கு உள்ளே கசக்கிய அலுமினியம் ஃபாயில் உருண்டை. ஸ்பூன் முதுகால் நன்றாக அழுத்தி வழவழப்பாக்கிய பிறகே அதன்மேல் க்ளே போர்த்தவேண்டும், இடுக்கில் காற்று நின்றால் சுடும்போது மேலே கொப்புளமாகும். அச்சுக்கு நம் வீடுகளில் பஞ்சமா? பழைய கொலுசின் முதுகு, சந்தனக் கிண்ணத்தின் விளிம்பு, கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக்கரை, மறுபடி மாவு பார்க்கப்போவதில்லை என்ற உறுதியோடு ஒரு பழைய முறுக்கு அச்சு. ஒட்டாமல் எடுக்கச் சிட்டிகை கார்ன்ஃப்ளார். மங்கலான வெள்ளை க்ளேயில் காய்ந்த மிளகுப் பொடியும் காப்பித்தூளும் கலந்தால் கல்லின் புள்ளி வரும். மஞ்சள்தூளும் அழகான நிறம் தரும், ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துப்போகும்.

இவை எதுவும் மணிக்குள் மாட்டிக்கொள்வதில்லை (ஃபாயிலையும் கலக்கும் பொடிகளையும் தவிர). சீட்டுக்கட்டு சீட்டுக்கட்டாகவே எழுந்து போகிறது, பாட்டில் பாட்டிலாக. மெய்யான சிக்கனம் இன்னோர் இடத்தில் இருக்கிறது, அதைப் போய் யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை, ஏனென்றால் பார்க்க அழகாயிராது. வெட்டிய மிச்சம், சீவிய முனை, சொதப்பிய பூ எல்லாவற்றையும் வேகாத நிலையில் ஒன்றாகப் பிசைந்தால் சேற்று நிறத்தில் ஓர் உருண்டை கிடைக்கும். அதை மணியின் உள்வயிறாக வைத்து, மேலே மெல்லிய நல்ல தகட்டைப் போர்த்தினால் புது க்ளே பாதியளவு மிச்சம். வேகாத க்ளேயை மூடி வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். கிராம்கூட வீணாக்காமல் ஒருவர் இந்தக் கலையைச் செய்யமுடியும். அது குப்பையைக் குறைப்பதில்லை, குப்பையை உண்டாக்காமல் இருக்கிறது. விளம்பர அட்டையில் எழுதத் தோதான வாசகமாக இராது என்பது தெரியும்.

பள்ளிகளுக்கு வருகிறேன். பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட் என்ற போட்டிக்காகக் கடைக்குப் போய்ப் புதுப் பசை, புது வண்ணம், புது மினுக்கு, இப்போது புது க்ளே என்று வாங்கிக் குவிக்காத வீடு உண்டா? சில சமயம் பாட்டில் காலியாக வேண்டும் என்பதற்காகவே கலர் வாங்கிக் குடிக்கிறார்கள். பரிசு கொடுத்த மறுவாரம் அத்தனையும் பள்ளியின் பின்புறத்தில். குப்பையைப் பற்றிக் குழந்தைக்கு நல்லெண்ணம் வளர்கிறது என்கிறார்கள் ஆசிரியர்கள். குழந்தை கற்றுக்கொள்வது வேறொன்று: பழையதன்மேல் புதுப் பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் கைதட்டல் கிடைக்கும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஒரு பக்கம் அந்தத் தடையை மனப்பாடம் செய்யச் சொல்லி, மறுபக்கம் ஒரு வாரமே வாழப்போகிற பிவிசிப் பூவுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். பரிசை ஒரு வருஷம் கழித்துக் கொடுங்களேன், அந்தப் பொருள் அதுவரை வீட்டில் புழக்கத்தில் இருந்தால்.

கடைசியாகப் பிழைப்பு. ‘வீட்டிலிருக்கும் பெண்கள் முதலீடே இல்லாமல் சம்பாதிக்க இது ஒரு வழி, அதன் வாயில் மண்ணைப் போடலாமா?’ என்று கோபப்படுபவர்கள் உண்டு. முதலீடு இல்லாமல் இல்லை. செலவின் பெரும்பங்கு இறக்குமதியாகும் க்ளேதான். வீட்டுப் பொருள் மிச்சப்படுத்துவது ஒருமுறை வாங்கும் கருவிக் காசை. அதைவிட, கழிவில் செய்தது என்ற அட்டைதான் இவர்கள் வருமானத்தில் கைவைக்கிறது. ‘வேஸ்ட்ல செஞ்சதுதானேம்மா, கொஞ்சம் கொறச்சுக் குடுங்க’ என்று வாங்குகிறவர் கேட்பதற்கு அட்டையே அடியெடுத்துக் கொடுக்கிறது. மூன்று மணிநேரம் குனிந்து கட்டிய மில்லெஃபியோரிப் பூவின் விலை, அதற்கு வட்டம் வெட்டிய பாட்டில் மூடியின் விலைக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ரசீன் கலை அருங்காட்சியகம் 2011இல் பாலிமர் கலைக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தது. அங்கே நின்ற நகைகளுக்கு மரியாதை வந்தது நிறத்தாலும் வேலைப்பாட்டாலும். எந்தக் குப்பையைக் காப்பாற்றினீர்கள் என்று அவற்றைச் செய்தவர்களிடம் கேட்பாரில்லை.

நம் ஊர் ஒயர் கூடையை நினைத்துப் பாருங்கள். அப்பட்டமான பிளாஸ்டிக். அதைப் பின்னியவர்கள் ஒருநாளும் பூமியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டதில்லை. காய்கறிச் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் இருபது வருஷம் போய்வந்தது, கைப்பிடி அறுந்தால் அதே நிற ஒயர் வாங்கி மறுபடி பின்னினார்கள். பாலிமர் மணியும் நீண்டநாள் உழைக்கக்கூடியதுதான், முறையாக வெந்திருந்தால். உடைவது பெரும்பாலும் கொக்கியும் வளையமும்.

ஆகவே மேசைமேல் இருக்கும் அட்டையை மாற்றி எழுதச் சொல்கிறேன்: இது பிவிசி. கையால் செய்தது. எரிக்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் படாமல் வையுங்கள். குழந்தை வாயில் வைக்கவிடாதீர்கள். கொக்கி போனால் கொண்டுவாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறேன்.